பழைய ஐபாடுக்கு டக்ட் டேப் உறை: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம், பாட்டு கேட்கிற என் பழைய பிளேயரான ஐபாட் கிளாசிக்குக்கு நானே செய்த டக்ட் டேப் உறையைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். காரைக்குடியைச் சுற்றி நம் பக்கத்திலிருந்தே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கோட்டையூர்): அண்ணே, கடையில் டக்ட் டேப் கேட்டேன், பளபளவென்று வெள்ளிக் காகிதம் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை தம்பி. அது ஏ.சி. குழாய் மூட்டில் ஒட்டுகிற அலுமினிய ஃபாயில் டேப். பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரும் குழம்பிவிடுகிறார். நமக்கு வேண்டியது துணி டேப்: மேலே பாலித்தீன், நடுவில் நூல் வலை, அடியில் ரப்பர் பசை. கடையிலேயே ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், கட்டம் கட்டமாக நூல் தெரிய வேண்டும், கத்தரி இல்லாமல் கையாலேயே குறுக்கே நேராகக் கிழிய வேண்டும். பிரவுன் டேப்பும் இன்சுலேஷன் டேப்பும் இதற்கு ஆகாது. ஃபாயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு, ப்ளூடூத் உள்ள பிளேயரை அந்த உலோகத்தில் பொதிந்து வைத்தால் சிக்னல் அடைபடும்.

கேள்வி (தேவகோட்டை): எவ்வளவு டேப் பிடிக்கும்? நேராகப் பிளேயர் மேலேயே சுற்றிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. பசை ஒரு நாளும் பிளேயரைத் தொடக்கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ரப்பர் பசை இளகி வழியும், அதை மனதில் வைத்துத்தான் இந்த வேலையில் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும்.

முதலில் தனியாக ஒரு தாள் செய்துகொள்ள வேண்டும். என் ஐபாட் 103.5 மி.மீ உயரம், 61.8 மி.மீ அகலம், 10.5 மி.மீ கனம். சுற்றளவு ஏறக்குறைய 145 மி.மீ. உள்ளே போய்வர 5, மேலே ஏறி ஒட்ட 20 சேர்த்தால் 170. டேப் வழக்கமாக 48 மி.மீ அகலம் இருக்கும், நான்கு பட்டையை ஒன்றன்மேல் ஒன்று 5 மி.மீ ஏறும்படி கண்ணாடி மேல் ஒட்டினால் 177 வந்துவிடும். பட்டை ஒவ்வொன்றும் 18 செ.மீ நீளம். அதன் மேலேயே இன்னும் நான்கு பட்டையைக் குறுக்காக ஒட்டுங்கள். ஆக எட்டுப் பட்டை, ஒன்றரை மீட்டர் டேப் போதும். உயரவாக்கில் பிளேயருக்கு 104, அடியில் மடிக்க 15, மேலே மூடிக்கு 50 என்று 169 மி.மீ வரும், பட்டையின் 18 செ.மீ நீளத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது தாளை அப்படியே உரித்துத் திருப்பினால் பசைப் பக்கம் மேலே இருக்கும். அதன்மேல் துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் பரப்பி நீவிவிடுங்கள், பக்கவாட்டில் ஓர் ஓரத்தில் மட்டும் 2 செ.மீ துணி இல்லாமல் விட்டுவிடுங்கள். அந்தப் பசைதான் பின்பக்கம் ஒட்டிக் குழாய் மாதிரி மூடும். நான் போட்டது அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கிச் சேலையில் ஒரு துண்டு. ஐபாட் கிளாசிக்கின் முதுகு மெருகேற்றிய எஃகு, மண் துகள் ஒன்று போதும் கோடு விழ. பருத்தி அதைக் காப்பாற்றுகிறது, வியர்வையையும் உறிஞ்சுகிறது.

கேள்வி (ஆத்தங்குடி): கண்ணாடிதான் வேண்டுமா அண்ணே? வீட்டுத் தரையே வழவழவென்று இருக்கிறதே.

பதில்: ஆத்தங்குடிக் கல்லில் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால்தான் அந்த வழவழப்பே வருகிறது, ஆனால் உள்ளே அது சிமெண்டு. பசை திட்டாக நின்றுவிடும், பிளேடு கோடு போட்டால் அழியாது. பழைய போட்டோ சட்டத்துக் கண்ணாடி ஒன்று போதும். கத்தரியில் பசை ஒட்டாமல் இருக்க இரண்டு அலகிலும் தேங்காயெண்ணெய் லேசாகத் தடவிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): திரைக்கும் சக்கரத்துக்கும் என்ன செய்தீர்கள்?

பதில்: பிளேயரைக் காகிதத்தில் வைத்து வரைந்து, திரை, சக்கரம், ஹெட்போன் துளை மூன்றையும் குறித்து, குழாயாக ஒட்டும் முன்பே பிளேடால் வெட்டிவிட வேண்டும். திரைக்கு மட்டும் ஓ.ஹெச்.பி. ஷீட் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டை உள்பக்கம் வைத்தேன். விரலால் தடவிப் பாட்டைத் தேடுகிற அந்தச் சக்கரத்தைத் திறந்தே விடுங்கள். அது விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது, மெல்லிய ஷீட் ஒட்டிக் கிடந்தால் பரவாயில்லை, இடையில் கொஞ்சம் காற்று புகுந்தால் தடுமாறும்.

கேள்வி (கானாடுகாத்தான்): தம்பி, நாங்கள் பனையோலைக் கூடையான கொட்டான் பின்னுகிறவர்கள். ஓலைக்குப் பதில் இந்த டேப்பில் பின்ன முடியுமா?

பதில்: முடியும் ஆச்சி, எல்லாக் கேள்வியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 48 மி.மீ பட்டையை நெடுக்கில் இரண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் பசை உள்ளே போகும்படி பாதியாக மடித்தால் 12 மி.மீ பட்டை கிடைக்கும், இரண்டு பக்கமும் ஒட்டாது. நெடுக்கே 14, குறுக்கே 14. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று உங்கள் கைக்குத் தெரிந்த பின்னல்தான், சிவப்பும் கறுப்பும் மாற்றி வைத்தால் கொட்டானின் கட்டமே வந்துவிடும். ஓலை மாதிரி நனைத்துப் பதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் டேப் விறைப்பாக நிற்காது, வழுக்கும், அதனால் ஒரு பக்க ஓரத்தை முதலிலேயே டேப்பால் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள். பின்னல் சந்தில் தூசி இறங்கும், உள்ளே துணிப்பை ஒன்று தைத்துப் போட்டுவிடுங்கள். செய்தால் எனக்குப் படம் அனுப்ப வேண்டும்.

கேள்வி (குன்றக்குடி): தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம். பாதயாத்திரைக்கு இந்த உறை தாங்குமா?

பதில்: தூசிக்குத் தாங்கும். டேப்பின் முதுகில் தண்ணீர் இறங்காது, ஆனால் துளை வழியாகப் பனி ஈரம் உள்ளே போகும், ராத்திரி ஜிப் கவருக்குள் போட்டு வையுங்கள். இடுப்பில் மாட்டப் பின்பக்கம் பெல்ட் பட்டை ஒன்று ஒட்டலாம், மூடிக்குத் தையல்காரரிடம் டிச் பட்டன் வைத்துக்கொள்ளுங்கள். காந்தப் பட்டன் வேண்டாம், கேசட் வாக்மேனுக்கு அறவே வேண்டாம்.

கேள்வி (கண்டனூர்): ஆயா பழைய பாட்டு கேட்கிற கேரவன் மினி ஸ்பீக்கர் பெட்டிக்கும் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஸ்பீக்கர் ஜாலியை மூடாதீர்கள். நான்கு மூலைக்கும் கவசம் மாதிரிச் செய்தால் போதும், கீழே விழுந்தால் மூலைதானே முதலில் அடிபடுகிறது.

கேள்வி (புதுவயல்): ஏற்கெனவே நேராகச் சுற்றிவிட்டேன். பிளேயர் முழுக்கப் பிசுபிசுப்பு.

பதில்: பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, வழித்துத் துடையுங்கள். துளைப் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. தின்னர், பெட்ரோல் தொடாதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்துப்போகும்.

கேள்வி (காரைக்குடி, செக்காலை): ஆறு மாதம் நன்றாக இருந்த உறை இப்போது இறுக்கமாகிவிட்டது. பெரிதாக வேறு ஒன்று செய்யவா?

பதில்: செய்யாதீர்கள், முதலில் பிளேயரை வெளியே எடுத்துக் கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்திவிட்டு, மொபைல் ரிப்பேர்க் கடையில் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். மற்றவர்களும் சார்ஜ் போடும்போது உறையைக் கழற்றிவிடுங்கள், சூடு உள்ளேயே தங்கக் கூடாது.

கேள்வி (பலர்): எங்களுக்குச் செய்து தருவீர்களா?

பதில்: விலைக்குச் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், பிளேயரையும் ஒரு பழைய பருத்தித் துணியையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து நீங்களே செய்து எடுத்துப்போகலாம். டேப் என்னிடம் இருக்கிறது.