கீசரைக் காலிசெய்து கழுவ வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டாலே போதுமா?

போதாது. சுவரில் மாட்டும் 15 அல்லது 25 லிட்டர் கீசரில் வெந்நீர் வெளியேறும் குழாய் தொட்டிக்குள் உச்சி வரை நீண்டிருக்கும். கீழே குளிர்ந்த நீர் நுழைந்து தள்ளினால்தான் மேலே இருக்கும் வெந்நீர் அதன் வழியே இறங்கும். வரத்தை அடைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சற்று நேரத்தில் ஒழுக்கு நின்றுவிடும், தொட்டியோ ஏறக்குறைய நிறைந்தே இருக்கும்.

நீங்களும் எங்களைப் போல் போர் தண்ணீரில் காலம் தள்ளுபவர் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புக் கிணற்று நீர் அந்த மேல் எல்லையையும் தாண்டியது. அத்தகைய நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, சுண்ணாம்புப் படிவாகச் சூடேற்றும் காயிலின் மீது ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்தது அடியில் சேரும். பொதுச் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் நான் எழுப்பிய பேச்சு, முகப்புக்கு வண்ணம் பூசும் செலவுக்குப் பின்னால் தள்ளப்பட்டு அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் கீசரில் விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும், தண்ணீரோ வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உள்ளே பொரிவது போன்ற சத்தமும் கேட்கும். வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல், "டேங்க் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். திறந்து காட்டாமல் வாங்க மாட்டேன் என்று நின்றேன். அரைமனதோடு கழற்றினார். காயிலைச் சுற்றியும் வெப்பத்தை உணரும் குழலைச் சுற்றியும் வெள்ளைக் கல் கட்டியிருந்தது. சூடு அங்கேயே தேங்கியதால், தண்ணீர் முழுதும் காய்வதற்குள் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது. துருவைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தொட்டியைக் காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்து, நடுவிலிருந்த இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. தொட்டியில் ஒரு குறையும் இல்லை. காயில், மெக்னீசியம் கம்பி, மூடியில் நீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் ஆகிய மூன்றையும் மாற்றியதோடு சரி. அந்தக் கீசர் இன்றும் ஓடுகிறது.

காலிசெய்யும் முறைக்கு வருகிறேன். சுவிட்சை மட்டுமல்லாமல், மின்பெட்டியில் அந்த இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி.யையும் அணைத்து, சூடு தணியும் வரை வெந்நீரை ஓடவிடுங்கள். பிறகு கீசருக்கு நீர் வரும் வழியிலுள்ள ஆங்கிள் காக் என்ற திருகு குழாயை மூடி, காற்று உள்ளே போவதற்காக வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்து, கீழே குளிர்நீர் நுழையும் இணைப்பைக் கழற்றி வாளியில் பிடியுங்கள். அங்கே நீரைத் திரும்பவிடாத பாதுகாப்பு வால்வு இருக்கும். அதன் நெம்பியைத் தூக்க வேண்டும், அல்லது வால்வையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மீண்டும் நிரப்பி, மீண்டும் இறக்கி, நீர் தெளியும் வரை செய்யுங்கள்.

இதனால் அடியில் கிடக்கும் தூள்தான் போகும். காயிலில் இறுகிய கல் போக வேண்டுமானால் அடி மூடியைக் கழற்றி, காயிலை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். கழிப்பறை அமிலத்தை ஊற்றச் சொல்பவர்கள் தொட்டியின் பூச்சையும் சேர்த்துக் கெடுப்பவர்கள்.

மின்சாதனத்தில் பொதுமக்களைக் கை வைக்கத் தூண்டுகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். நான் சொன்ன கழுவும் வேலையில் எந்த மின்கம்பியையும் தொட வேண்டியதில்லை. மூடியைக் கழற்றுவதை, திறந்து காட்டத் தயங்காத ஒரு மெக்கானிக்கிடமே விடுங்கள். படிவு மின்கட்டணத்தை இரட்டிப்பாக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. நீரில் மூழ்கிய காயிலின் வெப்பம் கடைசியில் நீருக்குத்தான் போகிறது, அளவு மீறிச் சூடாகிக் கெடுவது காயில்தான்.

வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயில் காற்று சீறாமல் நீர் சீராக விழும் வரை எம்.சி.பி.யைப் போடாதீர்கள். வெறும் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் புதுக் காயிலும் கருகிவிடும்.