எந்த நீலம்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

டியூக் (அடர்நீலச் சட்டை), கரோலினா (வெளிர்நீலச் சட்டை) என்ற இரண்டு கல்லூரிகளின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வரி வருகிறது: 'இந்த ஊரில் பிறக்கிற பிள்ளைக்கு அடர்நீலமா வெளிர்நீலமா என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிடுகிறது.' நான் பதினாறு வருடமாக கேரியில் இருக்கிறேன். ஐடி வேலை. பையன் இங்கேதான் பிறந்தான். தொட்டிலில் நாங்கள் எந்த நீலமும் போடவில்லை, என் அம்மா கொண்டுவந்த பழைய புடவையைத்தான் கட்டினோம். அப்படியும் அவன் கரோலினா வெறியனாக வளர்ந்து நிற்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் டியூக். மார்ச் மாதம் தேசியக் கல்லூரிப் போட்டி வந்தால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

ரசிகன் விஷயம் சரி. ஆடுகிற பையன் எப்படி முடிவெடுக்கிறான்? பத்து மைல் தூரத்துக்குள் இரண்டு கல்லூரி. இரண்டுமே வீட்டு வாசலில் வந்து நின்றால், பதினேழு வயதுப் பையன் எதை வைத்து ஒன்றை எடுப்பான்? ஆபீசில் கேட்டால் 'எல்லாம் பணம்' என்கிறார்கள். என் மகன், 'டியூக்குக்குப் போறவன் துரோகி' என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், கேரி, வட கரோலினா

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தொட்டில் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதும்போது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். மகள் வீட்டில் தங்கியிருந்த குளிர்காலத்தில் சுற்றிலும் ரசிகர்களை மட்டுமே பார்த்த ஆள் எழுதிய வரி அது. ஆடுகிறவர்களுக்கு அது பொருந்தாது.

உங்கள் மகனுடைய அறையில் ஜோர்டன் படம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடமிருந்தே தொடங்கலாம். மைக்கேல் ஜோர்டன் வளர்ந்தது வில்மிங்டனில். சிறுவயதில் அவருக்குப் பிடித்த அணி உங்கள் பக்கத்து ராலேயில் இருக்கும் என்.சி. ஸ்டேட் கல்லூரி. பிடித்த ஆட்டக்காரர் அங்கே ஆடிய டேவிட் தாம்ப்சன். கரோலினாவை அவருக்கு ஆகவே ஆகாது. அந்தப் பையன்தான் 1982 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டத்தில், முதலாண்டு மாணவனாக, கரோலினாவின் வெளிர்நீலச் சட்டையில் கடைசி நொடிகளில் பந்தைப் போட்டு ஜார்ஜ்டவுனை 63–62 என்று தோற்கடித்தான். 2009-ல் கூடைப்பந்து மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது தன்னை மேடைக்கு அழைத்துச்செல்ல அவர் தேர்ந்தெடுத்தவர் தாம்ப்சன். பழைய பிரியம் எங்கேயும் போகவில்லை. ஆனால் எங்கே ஆடுவது என்று முடிவெடுக்கும்போது அந்தப் பிரியத்தை அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கணக்கை நாம் ரசிகர்கள் தப்பாகப் போடுகிறோம். டியூக்குக்கு எதிரி கரோலினா, அதனால் பையன் இரண்டு எதிரிகளில் ஒருவரை எடுக்கிறான் என்று நினைக்கிறோம். பையனுக்கு எதிரி வேறு ஆள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு அணியிடம் இருப்பது 200 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நெடுங்காலம் ஆண்கள் அணி ஒன்றுக்கு 13 ஸ்காலர்ஷிப் என்று இருந்தது. இந்த 200 நிமிடத்தை உண்மையில் எட்டு, ஒன்பது பேர்தான் பங்கிட்டுக்கொள்வார்கள். மிச்சப் பேர் துண்டை வீசிக் கைதட்டுவார்கள். அவர்களும் சொந்த ஊரில் ராஜாவாக இருந்த பையன்கள்தான். பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவனாக, ஆடுகிற பையனுக்கு உண்மையான போட்டி, அதே கல்லூரியில் அதே இடத்தில் ஏற்கெனவே நிற்கிற இரண்டாமாண்டுக்காரன். பத்து மைல் தள்ளியிருக்கும் கல்லூரி அவனை அவ்வளவாக உறுத்தாது.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஸ்டீஃபன் கரியின் கதை இந்த இடத்தில் நீளமாகவே சொல்ல வேண்டியது. அவருடைய அப்பா டெல் கரி, விர்ஜினியா டெக் கல்லூரியின் பெரிய நட்சத்திரம், பிறகு அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவில் பல வருடம் ஆடியவர். அம்மா அதே கல்லூரியில் வாலிபால் ஆடியவர். தொட்டில் என்று ஒன்று இருக்குமானால் இதைவிட உறுதியான தொட்டில் கிடையாது. விர்ஜினியா டெக் என்ன சொன்னது? பையன் ஒல்லி, உயரம் போதாது, வேண்டுமானால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேரட்டும் என்றது. சார்லட்டுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி கூப்பிட்டது, போனார். பயிற்சியாளர் பாப் மெக்கிலப்.

முதல் ஆட்டத்தில் கரி பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது 13 தடவை. கேட்டாலே காது கூசும் எண் அது. பெரிய கல்லூரியாக இருந்தால் நாலாவது தடவையே பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்கள், அவருடைய இடத்துக்கு இன்னும் இரண்டு பேர் தயாராக நின்றிருப்பார்கள். மெக்கிலப் அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார். அடுத்த ஆட்டம் மிச்சிகனோடு, கரி எடுத்தது 32 புள்ளி. அடுத்த ஆண்டு, 2008 மார்ச்சில், யாரும் எதிர்பார்க்காத டேவிட்சன் கன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என்று வரிசையாக வீழ்த்திக் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகள் வரை போனது. அங்கே கன்சாஸிடம் தோற்றது 59–57. அந்த வருடக் கோப்பை கன்சாஸுக்குத்தான். இரண்டு புள்ளி! சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பதின்மூன்று தடவையை. தப்பு செய்த பிறகும் களத்தில் நிற்க எந்த ஊரில் விடுவார்கள் என்பதைப் பதினேழு வயதில் யாரால் கண்டுபிடிக்க முடியும்? கண்டுபிடித்தவர்கள் பிழைத்தார்கள்.

கல்லூரிகள் ஆள் பிடிக்கிற காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஜூலையில் தெற்கு கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் என்று ஒரு போட்டி, நைக்கி நடத்தும் இளையோர் தொடரின் உச்சக்கட்டம். கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்தைப் பார்க்கலாம், அங்கே வைத்துப் பையனிடம் பேச விதி இடம் தராது. அதனால் வந்து உட்கார்ந்திருப்பதுதான் பேச்சு. தலைமைப் பயிற்சியாளரே வந்தாரா, உதவியாளரை அனுப்பினாரா, பாதியில் எழுந்து அடுத்த களத்துக்குப் போனாரா என்று பையன், அப்பா, மாமா எல்லாரும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் வந்தாரா, சித்தப்பாவை அனுப்பிச் சமாளித்தார்களா என்று நம் வீடுகளில் கணக்குப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அப்புறம் வீட்டுக்கு வருவார்கள், கல்லூரியைச் சுற்றிக்காட்டக் கூப்பிடுவார்கள். டியூக்கின் கேமரன் அரங்கில் 9,314 பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகக் கத்துவார்கள். கரோலினா இருக்கும் சேப்பல் ஹில்லின் டீன் ஸ்மித் சென்டரில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், உச்சியில் தொங்கும் ஜோர்டனின் 23-ஆம் எண் சட்டை. இரண்டுமே மயக்கும். மயக்கம் தெளிந்தபின் கேட்கவேண்டிய கேள்வி, 'என் இடத்தில் இப்போது யார் இருக்கிறார், அவர் எப்போது போவார்' என்பதுதான்.

எல்லாருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுபோல இராது. பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான லாரி பேர்டுக்கு நிமிடம் பிரச்சினையே இல்லை. 1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில், பயிற்சியாளர் பாபி நைட்டிடம் சேர்ந்தார். அந்த மாநிலத்துப் பையனுக்கு அதற்கு மேல் ஒரு கனவு கிடையாது. இருபத்து நாலே நாளில் ஊருக்குத் திரும்பிவிட்டார். சின்ன ஊர்ப் பையன், அத்தனை ஆயிரம் மாணவர்கள் நடுவில் மூச்சு முட்டியது. ஊரில் நகராட்சி வேலை பார்த்தார், குப்பை வண்டியும் அதில் உண்டு. அடுத்த வருடம் அதிகம் பேர் கேள்விப்படாத இண்டியானா ஸ்டேட்டில் சேர்ந்தார். பின்னாளில் அதேபோல நட்சத்திரமான மேஜிக் ஜான்சனோ, மிச்சிகனும் மிச்சிகன் ஸ்டேட்டும் கையைப் பிடித்து இழுத்தபோது தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மிச்சிகன் ஸ்டேட்டை எடுத்தார். 1979 இறுதியாட்டத்தில் இவர்கள் இருவரும் மோதினார்கள், ஜான்சன் அணி 75–64 என்று ஜெயித்தது. பாருங்கள், இரண்டு பேருமே தங்கள் மாநிலத்தின் 'பெரிய' கல்லூரியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

நிமிடத்தையெல்லாம் தாண்டிய காரணமும் உண்டு. நியூயார்க்கில் வளர்ந்து, வட கரோலினாவின் லாரின்பர்கில் பள்ளிப்படிப்பு முடித்த சார்லி ஸ்காட், டேவிட்சனுக்கு வருவதாக வாய்வார்த்தை கொடுத்திருந்தார். டேவிட்சனுக்குப் போனபோது அங்கே ஓர் உணவகத்தில், கறுப்பர் என்பதால் பரிமாற மறுத்துவிட்டார்கள். கரோலினாவின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் அவரைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார், சார்லஸ் என்றார் ஸ்காட். ஊரெல்லாம் சார்லி என்று சொல்ல, ஸ்மித் கடைசிவரை சார்லஸ் என்றே அழைத்தார். 1966-ல் கரோலினாவில் ஸ்காலர்ஷிப் பெற்ற முதல் கறுப்பின விளையாட்டு வீரராகச் சேர்ந்தார் ஸ்காட். சேப்பல் ஹில் ஒன்றும் அப்போது சொர்க்கம் இல்லை. ஆனாலும் ஒருவரை அவர் விரும்பும் பெயரால் கூப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஒரு கல்லூரிப் பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் ஆபீஸ் நண்பர்களின் 'எல்லாம் பணம்'. பொய் என்று சொல்ல மாட்டேன். 2017-ல் எஃப்பிஐ ஒரு வழக்கை வெளியே கொண்டுவந்தது. அடிடாஸ் சட்டையும் காலணியும் போட்டு ஆடுகிற லூயிவில் கல்லூரிக்கு ஒரு பையனை வரவைக்க, அந்த நிறுவனத்து ஆட்கள் அவன் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் தருவதாகப் பேசியிருந்தார்கள். லூயிவில்லின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவுக்கு வேலை போயிற்று. நிறுவனத்து ஆட்கள் மீது குற்றம் நிரூபணமாயிற்று. அந்தப் பையனுக்கோ கல்லூரி அளவில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை, ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடினான். அன்று திருட்டுத்தனமாக நடந்தது இன்று வாசல் வழியாக வருகிறது. 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025-ல் ஒரு வழக்கின் சமரசத்தில், கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. அத்தனை கூட்டத்தைக் கூட்டுகிறவனுக்குப் பங்கு கொடுக்காமல் இத்தனை காலம் ஓட்டியதுதான் ஆச்சரியம்.

ஆனால் டியூக்கா கரோலினாவா என்ற கேள்வியைப் பணம் தீர்த்துவிடுமா? இரண்டிடமும் இருக்கிறது. காலணியைக்கூடப் பாருங்கள், டியூக்குக்கு நைக்கி, கரோலினாவுக்கு ஜோர்டன் பிராண்ட். இரண்டும் ஒரே முதலாளி. இந்த விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இருவரும் ஒரே அளவு கொட்டும்போது, தராசு மறுபடி அந்த 200 நிமிடத்துக்குத்தான் வந்து நிற்கும் என்பது என் எண்ணம்.

என் கணக்குக்கு ஒத்துவராத ஆள் ஒருவர் உண்டு, மறைக்கப் பார்க்கவில்லை. 2018 ஜனவரியில் ஸ்பார்டன்பர்கின் சயான் வில்லியம்சன், பக்கத்திலிருக்கும் கிளெம்சனுக்குப் போவார் என்று பலரும் சொல்லிக்கொண்டிருக்க, தன் முடிவை அறிவிக்கும் மேடையில் டியூக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அந்த வருடத்தின் மற்ற பெரிய பள்ளி ஆட்டக்காரர்களான ஆர்.ஜே. பாரெட், கேம் ரெடிஷ் இருவரும் ஏற்கெனவே அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிமிடத்துக்குப் பயந்தவர் அப்படிச் செய்வாரா? மாட்டார். பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆகாமல் என்பிஏவுக்கு வர முடியாது என்ற விதி 2006 முதல் இருக்கிறது. உச்சியிலிருக்கும் நாலைந்து பேருக்குக் கல்லூரி ஒரு வருடக் காத்திருப்பு அறை. எங்கே போனாலும் அவர்கள் நிமிடம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் வந்ததால் கரைந்தது முந்தின வருடம் வந்தவர்களின் நிமிடம். அந்தப் பையன்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை, நான் உட்பட.

துரோகி என்ற சொல்லுக்கு இப்போது பொருளும் குறைந்துவருகிறது. ஸ்டீஃபனின் தம்பி சேத் கரி லிபர்ட்டி கல்லூரியிலிருந்து டியூக்குக்கு மாறியபோது ஒரு முழு ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது, அப்போதைய விதி அப்படி. 2018-ல் கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021-ல் முதல் மாற்றத்துக்கு அந்தத் தண்டனை போயிற்று, 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. முன்பு பதினேழு வயதில் எடுத்தது கல்யாணம் மாதிரி. இப்போது வாடகை வீடு, வருடா வருடம் ஒப்பந்தம்.

தொட்டிலுக்கே திரும்புகிறேன். நேட் பிரிட் கரோலினாவுக்கு ஆடியவர். அவர் குடும்பம் கிரிஸ் ஜென்கின்ஸ் என்ற பையனையும் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டு வளர்த்தது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. நேட் கரோலினாவுக்குப் போனார், கிரிஸ் வில்லனோவாவுக்குப் போனார். 2016 ஏப்ரல் 4, ஹூஸ்டனில் இறுதியாட்டம், இரண்டு அணியும் நேருக்கு நேர். 74–74. கடைசி நொடியில் ஜென்கின்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிந்தார், மணி அடித்தது, பந்து உள்ளே விழுந்தது. 77–74. அண்ணன் தம்பியாக வளர்ந்தவர்களில் ஒருவர் கையில் கோப்பை, இன்னொருவர் தோற்ற அணியில்.

அந்த வீட்டில் அன்று யார் யாருக்குக் கைதட்டினார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. உங்கள் மகனிடம் இந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். அவன் இன்னும் ஆறியிருக்க மாட்டான்.

அன்புடன்.