விளையாட்டுக்கு எந்தப் பிராசசர், வேலைக்கு எந்தப் பிராசசர்?

ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி, இன்டெல்லின் கோர் ஐ7-14700கே ஆகிய இரண்டில் எதை வாங்கலாம் என்பதே கேள்வி. பிராசசர் என்பது கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லு; அதில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளே கோர்கள். சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்தான் கேஷ். ரைசனில் 8 கோர்களும் 96 எம்பி எல்3 (மூன்றாம் அடுக்கு) கேஷும், இன்டெல்லில் 20 கோர்களும் 33 எம்பியும் உள்ளன.

திருநெல்வேலி அல்வாக் கடை அடுப்படியில் நெய்யும் சர்க்கரையும் எட்டும் தூரத்தில் இருந்தால் கிண்டுபவரின் கை நிற்காது அல்லவா, அதுபோல வேண்டிய தரவு கேஷிலேயே கிடைப்பதால், சில்லுக்கு வெளியே இருக்கும் முதன்மை நினைவகமான ரேமுக்குப் போய்வரும் தாமதம் குறைந்து, பெரும்பாலான விளையாட்டுகளில் ரைசன் முந்துகிறது. பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கோ, பல கோர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் வேலை என்பதால், இன்டெல்லே ஏற்றது. ஆனால் அது 253 வாட் வரை இழுக்கும், ஆகவே நம் ஊர் வெயிலுக்கு பிராசசரின் சூட்டைத் தணிக்கும் நல்ல கூலரின் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

கோர் கூடினால் விளையாட்டும் வேகமாகும் என்பது தவறு. மிக நுணுக்கமாகப் படம் காட்டும் 4கே திரையில் பெரும்பாலும், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டே வேகத்தைத் தீர்மானிக்கிறது.