கட்டிலுக்கு அடியில் ஒரு நாய் – கடிதம்

வணக்கம். ஒரு வயது மதிக்கத்தக்க நாட்டுப் பெண் நாயைத் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்திருக்கிறோம். கு.க. ஆபரேஷன் ஆகிவிட்டது, காதில் அடையாள வெட்டு இருக்கிறது. வந்து 11 நாள். பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான். நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுகிறது. கை நீட்டினால் சிறுநீர் விட்டுவிடுகிறது. ஆனால் கடிக்கவில்லை, அசையாமல் தடவ விடுகிறது. ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறது. அன்றே கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கொடுத்த பிறகு நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்), மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரட்டும். நாயை மட்டும் அன்று கொடுத்துவிடாதீர்கள்.

'அசையாமல் தடவ விடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சம்மதமில்லை. ஓட வழியில்லாத நாய் உறைந்துபோய்க் கிடக்கும்; பார்ப்பவருக்குச் சாதுவாகத் தெரியும். அடுத்த முறை முகத்தைப் பாருங்கள்: வாய் இறுக்கம், நாக்கு மூக்கை நக்கி உள்ளே போவது, கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிவது, தூக்கமில்லாத கொட்டாவி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு வாரம் நீங்களாகத் தொடவே வேண்டாம். சிறுநீர் விடுவதும் இதே பயம்தான், திட்டினால் கூடும். துடைக்கப் பினாயில் போடாதீர்கள். நம் மூக்குக்கு வாடை மறையும், நாய்க்கு மறையாது, பாதத்தை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து துடைத்தால் போதும்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ள நாயும் மூலையில்தான் சுருண்டு கிடக்கும். ஈறு வெளுத்திருக்கிறதா, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். நோயைப் பயம் என்று நினைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பதில் பயனில்லை.

கட்டிலடியிலிருந்து இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. அதைவிட நல்ல இடம் ஒன்றைக் கொடுங்கள். நாய் உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுள்ள கூண்டோ அட்டைப்பெட்டியோ, மூன்று பக்கமும் பழைய பெட்ஷீட் மூடி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். இரவுச் சாப்பாட்டை நாளுக்கு ஒரு அடியாக அதன் பக்கம் நகர்த்துங்கள். நாய் தானாக அங்கே படுக்கத் தொடங்கிய பிறகு, அது வெளியே இருக்கும் நேரத்தில், கட்டிலடியைச் சூட்கேஸ் வைத்து அடைத்துவிடலாம். உள்ளே இருக்கும்போது அடைத்தால் இதுவரை செய்தது வீண்.

பழக்க எல்லோரும் செய்வது, கோழித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு 'வா வா' என்று கூப்பிடுவது. அப்போது பின்னங்காலைக் கவனியுங்கள். கழுத்து உங்கள் பக்கம் நீளும், பின்னங்கால் இரண்டும் பின்னாலேயே ஊன்றி நிற்கும். துண்டு வாய்க்குள் போனதும்தான் 'இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே' என்று அதற்கு உறைக்கும், துள்ளி ஓடும். இப்படிப் பத்து முறை நடந்தால் உங்கள் கையே பயத்துக்குரிய பொருளாகிவிடும். அதனால் துண்டை நாய்க்குப் பின்னால் போடுங்கள். விலகிப்போய்த் தின்றுவிட்டு, அது தானாக உங்கள் பக்கம் திரும்பும். அந்தத் திரும்புதல்தான் நமக்கு வேண்டியது. தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், 'இந்தா' என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல் வேகவைத்த கோழி, கொண்டைக்கடலை அளவு, ஒரு தடவைக்கு 10 துண்டு, நாளுக்கு 3 தடவை. சாப்பாட்டில் அந்த அளவு குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து இதே வேலையை வீட்டில் மற்றவர்களும், பிறகு பக்கத்து வீட்டுக்காரரும் அதே 'இந்தா'வோடு செய்ய வேண்டும். தற்காலிகமாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நாய் நம்மிடம் மட்டும் ஒட்டிக்கொள்வது பெருமையாக இருக்கும். ஆனால் அது போகப்போவது அந்நியர் வீட்டுக்கு.

ஹார்னெஸ் (நெஞ்சையும் உடம்பையும் சுற்றி மாட்டும் பட்டை) விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நாட்டு நாய்க்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். மிரண்டு பின்வாங்கினால் சாதாரண ஹார்னெஸ் தலைவழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். விலா எலும்பு முடியும் இடத்துக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பட்டை உள்ளதை வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. கழுத்துப் பட்டைக்குத் தனி லீஷ் (பிடிக்கும் கயிறு), ஹார்னெஸுக்குத் தனி லீஷ், ஒன்று உங்கள் இடுப்பில். போடுவதற்கு முன் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். பிறகு கிளிப்பை 'டக்' என்று பூட்டுங்கள், ஒரு கோழித்துண்டு. நாயைப் பொறுத்தவரை பட்டையைவிட அந்தச் சத்தம்தான் பயங்கரம். முதல் நடை விடியற்காலை, தெருவில் வண்டி ஓடாத நேரத்தில், 5 நிமிடம். லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்குங்கள்.

எப்போது கொடுக்கலாம்? குக்கர் விசிலை வைத்துப் பாருங்கள். விசிலுக்குப் பதுங்கிய நாய் ஓரிரு நிமிடத்தில் மீண்டும் வந்து தின்கிறது, பகலில் ஆள் நடமாடும்போது சாப்பிடுகிறது, வாலை வயிற்றுக்கடியில் சொருகாமல் 10 நிமிடம் நடக்கிறது, உங்களைத் தவிர இன்னும் ஒருவராவது ஹார்னெஸ் மாட்ட முடிகிறது என்றால் கொடுக்கலாம். இதற்கு மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

வருகிற குடும்பத்தை ஞாயிறன்று தரையில் உட்காரவைத்துக் கோழித்துண்டை நாய்க்குப் பின்னால் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். நாலைந்து நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று தடவை வரட்டும். மூன்றாவது தடவை ஹார்னெஸை அவர்கள் மாட்ட வேண்டும். 'அவ்வளவு பொறுமையில்லை' என்பவர்களுக்கு இந்த நாய் வேண்டாம். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே சாதுவான நாய் இருந்தால் நல்லது. பயந்த நாய் மனிதர்களைவிட இன்னொரு நாயைப் பார்த்து வேகமாகத் தேறும். கேட்டில் இடுக்கு, மொட்டைமாடிச் சுவரின் உயரம் இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரம் எந்தப் பயந்த நாயையும் இடம் மாற்றக் கூடாது. 'ரொம்பப் பாசமான நாய்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். 'துடைப்பத்தைத் தூக்கினால் சிறுநீர் விடும்' என்று எதைக் கண்டு என்ன செய்யும் என்பதை எழுதிக் கொடுங்கள்.

கூடவே போகவேண்டியவை: துவைக்காத பெட்ஷீட், அதே தட்டு, 10 நாளுக்கு இப்போது தின்னும் அதே உணவு, ரேபிஸ் தடுப்பூசி அட்டை, கழுத்தில் அவர்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லை. ஓடிப்போனால் துரத்தக் கூடாது, பெயர் சொல்லிக் கத்தவும் கூடாது. கடைசியாகப் பார்த்த இடத்தில் அந்தப் பெட்ஷீட்டையும் உணவையும் தினமும் ஒரே நேரத்தில் வைத்து, தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் போய்ப் பார்ப்பதை முதல் மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் வந்து திரும்பும்போது நாய் வாசலைப் பார்த்தபடியே படுத்துவிடும், அவர்கள் பட்ட பாடு பின்னால் போகும். அதுவரை வாரம் ஒரு வீடியோ கேளுங்கள். அதில் நாயின் முகத்தைவிட வால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.