செட்டோடு மலையேறுவோம்: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

முதுகுப்பையில் செட்டும் (பேசவும் கேட்கவும் ஆன ரேடியோ கருவி) ஆன்டெனா வயரும் போட்டுக்கொண்டு குன்றேறி, அங்கிருந்து ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) பேசுவது பற்றி நெல்லைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, அகத்தியர்மலை உச்சியிலிருந்து பேசினால் எவ்வளவு தூரம் எட்டும்?

உயரம் 1,868 மீட்டர். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், கிடைக்கும். ஏறக்குறைய 178 கி.மீ. வரும். ஆனால் தம்பி, அந்த ஆசையை நான் ஊக்குவிக்க மாட்டேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. 2018-இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிர் இழந்ததை மறக்க வேண்டாம். வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் நடக்கப் போனாலும், செட்டு கொண்டுபோக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நம் சமவெளியில் தனியாக நிற்கும் பாறைக்குன்றுகளே 2 மீட்டர் பேண்டுக்கு (சுமார் 2 மீட்டர் அலைநீளமுள்ள, ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும் அலைவரிசை) தாராளம். தரையிலிருந்து 100 மீட்டர் உயர்ந்த குன்றில் நின்றால், கீழே கையில் செட்டு வைத்திருப்பவரோடு 45 கி.மீ. வாக்கில் பேசலாம். அவரும் அதே உயரக் குன்றில் நின்றால் 82 கி.மீ. கிழக்கே தூத்துக்குடி வரை திறந்த வெளிதான். மேற்கே மலைத்தொடர் சுவராக நிற்பதால் திருவனந்தபுரத்து நண்பரை அங்கிருந்து பிடிப்பது கஷ்டம். குன்று கோயில் நிலமா, காப்புக்காடா, பட்டாவா என்று ஊரில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): உரிமம் இல்லாமல் குறைந்த பவரில் பேசிப் பழகலாமா சார்?

கூடாதம்மா. பவர் எவ்வளவு குறைவு என்பது கணக்கே இல்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதுங்கள்; 12 வயது நிறைந்தால் போதும். ரெஸ்ட்ரிக்டட் என்ற தொடக்கநிலை உரிமப் பிரிவுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறி) தேவையில்லை. உரிமம் வரும்வரை உரிமம் உள்ளவர்களோடு குன்றேறி, அவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். அதிலேயே பாதிப் பாடம் வந்துவிடும்.

கேள்வி (வள்ளியூர்): எதை எடுத்துப் போக வேண்டும்? எங்க பக்கம் காற்று ஆளையே தள்ளுது.

2 மீட்டருக்கு 5 வாட் கையடக்க செட்டு போதும். அதோடு வரும் குட்டை ஆன்டெனாவை மட்டும் நம்பாதீர்கள். பிவிசி குழாயும் இரும்பு அளவு டேப்பும் வைத்து வீட்டிலேயே மூன்று எலிமென்ட் யாகி, அதாவது மூன்று குச்சிகளால் அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா, செய்யலாம். மடக்கிப் பையில் வைக்கலாம்.

தூரத்துக்குப் பேச ஹெச்எஃப் (மேல்வானில் பட்டுத் திரும்பி வரும் சிற்றலை) வேண்டும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் செட்டுகள் இதற்கு அருமையானவை. நம் நாட்டு ஆள் உருவாக்கி, உலகம் முழுக்கக் கட்டிப் பார்த்த செட்டு என்பதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. 20 மீட்டர் பேண்டுக்குச் சுமார் 10 மீட்டர் வயர், 40 மீட்டர் பேண்டுக்கு 20 மீட்டர் வயர். வயரின் ஒரு முனையில் செட்டை இணைப்பதானால், இரண்டும் பொருந்த 49:1 டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்க வேண்டும். நடுவில் செட்டை இணைக்கும் வயரை ஆறு மீட்டர் மீன்தூண்டில் கழியின் உச்சியில் கட்டி, இரு பக்கமும் சரித்து இறக்கிவிடுங்கள். 40 மீட்டரில் மதுரை, கோவை, பெங்களூர் எல்லாம் நன்றாகக் கிடைக்கும். நடுப்பகலில் அயனி மண்டலத்தின் (அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வான மின்னடுக்கு) கீழடுக்கு அந்த அலையை உறிஞ்சும். சிறு பவருக்குக் காலையும் மாலையும்தான் நேரம்.

காற்றுக்கு வருகிறேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, வள்ளியூர் பக்கம் விடாமல் அடிக்கும். கழிக்கு மூன்று பக்கமும் கயிறு கட்டுங்கள். பாறையில் முளை இறங்காது, கல்லைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். பனையில் கட்டுவதானால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி (கிருஷ்ணாபுரம், ஆசிரியர்): நம்ம ஊர் வானத்துக்குத் தனிக் குணம் உண்டு என்கிறார்களே?

உண்டு ஐயா. புவியின் காந்த நடுக்கோடு (காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) நம் பகுதியை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும், உங்கள் ஊரிலேயே புவிக்காந்த ஆய்வகம் இருப்பதும் இதனால்தான். பகலில் சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒரு மின்னோட்டம் இந்தக் கோட்டை ஒட்டி ஓடுகிறது. பங்குனி, புரட்டாசி வாக்கில், பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலத்தின் மேலடுக்கு குமிழ்குமிழாகக் கலைவதுண்டு. அப்போது தூரத்துக் குரல் படபடவென நடுங்கிக் கேட்கும். செட்டில் பழுது என்று கழற்றிவிடாதீர்கள். மாணவர்களைக் குன்றுக்கு அழைத்துப்போய் அந்த நடுக்கத்தைக் காதால் கேட்க வையுங்கள்.

கேள்வி (ராதாபுரம்): போலீஸ் பிடித்தால்?

உரிமத்தின் நகலும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். உரிமத்தில் நிலையத்தின் இடம் எழுதியிருக்கும். வேறிடத்தில் இயக்குவதற்கான விதியைப் படித்து, அதன்படி செய்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளூர் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுவது நல்லது. கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம் ஆகியவற்றின் பக்கம் செட்டோடு போகவே வேண்டாம்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம்): 2023 வெள்ளத்தில் போன் எல்லாம் செத்துப்போச்சு. இது அப்போ உதவுமா?

உதவும். அதற்காகவே இந்தப் பழக்கம் நம் பக்கம் பரவ வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கரண்டும் டவரும் இல்லாத இடத்தில் பேட்டரியும் வயரும் வைத்துப் பேசத் தெரிந்தவர் ஊருக்கு இரண்டு பேராவது வேண்டும். அதை வெள்ளம் வந்தபிறகு கற்க முடியாது. வெயில் காலத்துக் குன்றில் கற்கலாம். ஐப்பசி தொடங்குமுன் உங்கள் ஊரிலிருந்து நெல்லைக்கு 2 மீட்டரில் பேசிப் பாருங்கள். எந்த மேட்டில் கேட்கிறது, எந்தத் தெருவில் கேட்கவில்லை என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): இடி இடித்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

காத்திருக்கவே கூடாது. முதல் சத்தம் கேட்டதும் கழியை இறக்கிவிட்டு உச்சியிலிருந்து கீழே வந்துவிடுங்கள். வயரை மெதுவாகச் சுருட்டலாம் என்று நிற்காதீர்கள், வயர் அங்கேயே கிடக்கட்டும்.