மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும், விசா மறுக்கப்பட்டுவிட்டது

கேள்வி: எனக்கு 61 வயது. கணவர் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் மகன் என்னோடு இருக்கிறான். மகள் கல்யாணமாகி ஜெர்மனியில் இருக்கிறாள். இப்போது ஐந்து மாதம். பிரசவத்தின்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். ஏஜென்ட் ஒருவர், "மகள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் நீங்கள் திரும்ப மாட்டீர்கள் என்று நினைப்பார்கள்" என்று சொல்லி, 85 நாள் சுற்றுலா என்று விண்ணப்பம் போட்டார். மூன்று ஊர்களில் ஹோட்டல் புக்கிங் வைத்தோம். உறவினரிடம் பெரிய தொகை வாங்கி வங்கிக் கணக்கில் போட்டோம். மறுத்துவிட்டார்கள். பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை, காலம் முடிவதற்குள் திரும்புவேனா என்பதில் ஐயம் என்று மறுப்புக் கடிதத்தின் இரண்டு கட்டங்களில் குறி இருக்கிறது. இப்போது அந்த ஏஜென்ட், வேறு ஐரோப்பிய நாட்டின் வழியாகப் போட்டால் சுலபமாகக் கிடைக்கும், பழைய மறுப்பைப் பற்றி வாய் திறக்காதீர்கள் என்கிறார். எதையோ திருடிவிட்டுப் பிடிபட்டவள் போலக் கூசுகிறது. மகள் இருப்பதையே மறைத்து விண்ணப்பித்தோம் என்பது மகளுக்குத் தெரியாது. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் கூச்சத்தை இறக்கி வையுங்கள். மறுத்தது உங்களை அல்ல, அவர்கள் கையில் கிடைத்த காகிதங்களை. அந்தக் காகிதங்களை அதிகாரியின் இடத்திலிருந்து பாருங்கள். இதுவரை வெளிநாடு பார்க்காத 61 வயதுப் பெண் ஒருவர், தனியாக, கிட்டத்தட்ட மூன்று மாதம் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார். அவருடைய ஓய்வூதியத்துக்குச் சற்றும் பொருந்தாத தொகை ஒன்று, விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் விழுந்திருக்கிறது. யாராக இருந்தாலும் இதில் ஏதோ இடிக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் ஏன் போகிறீர்கள் என்பதற்கு இருந்த ஒரே உண்மையான காரணத்தை ஏஜென்ட் எடுத்துவிட்டார். அதை எடுத்த பிறகு மிஞ்சியதை நம்புவது கடினம்.

வேறு நாட்டின் வழியாகப் போடும் யோசனையை இன்றே கைவிடுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தை ஷெங்கன் பகுதி என்பார்கள். அதில் 29 நாடுகள் இருக்கின்றன. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது ஜெர்மனி மட்டும்தான். வேறொரு நாட்டுக்குப் போவதாகச் சொல்லி விசா வாங்கி ஜெர்மனியில் போய் இறங்கினால், எல்லையிலேயே விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்ப முடியும். பல மணி நேரம் பறந்து போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகன் காத்திருக்க, அடுத்த விமானத்தில் திரும்பும் நிலை உங்களுக்கு வரவே கூடாது.

மறுப்பை மறைப்பதும் நடக்காது. நீங்கள் கைரேகை கொடுத்தபோதே உங்கள் விண்ணப்பம் எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான விசாத் தகவல் அமைப்பில் பதிவாகிவிட்டது. மறுப்பும் அதன் காரணமும் அதில் 5 ஆண்டு வரை இருக்கும். எந்த நாட்டின் தூதரகம் அதைத் திறந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. ஒருமுறை மறுக்கப்பட்டது என்ற காரணத்துக்காகவே அடுத்த விண்ணப்பத்தையும் மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய விசாச் சட்டமே சொல்கிறது. புதிதாக விண்ணப்பிக்கக் காத்திருப்புக் காலமும் கிடையாது.

முன்பெல்லாம் மறுப்பை எதிர்த்து ஜெர்மன் தூதரகத்துக்கே மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பவை இரண்டு: பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புதிய விண்ணப்பம். உங்கள் நிலையில் வழக்கு வேண்டாம். பழைய விண்ணப்பம் சரியானதென்று வாதாட நம்மிடம் ஒன்றுமில்லை, பிரசவமும் அதுவரை காத்திருக்காது.

புதிய விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் குடும்பத்தினரைப் பார்க்க என்று போடுங்கள். அழைப்பவர் மகள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயாக உங்கள் பெயர் இருக்கும். அதன் எழுத்துகள் உங்கள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் இருவரும் ஒருவரே என்பதற்கான சான்றை இப்போதே தயார் செய்யுங்கள். ஜெர்மனியில் கர்ப்பிணிகளுக்கு 'முட்டர்பாஸ்' என்று ஒரு கையேடு கொடுப்பார்கள். அதில் பிரசவ தேதி குறித்திருக்கும் பக்கத்தின் நகலை மகளிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பயணத் தேதிகளுக்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

மகளோ மருமகனோ தாங்கள் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில், உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாங்க வேண்டும். கட்டணம் 29 யூரோ. அவர்களுடைய சம்பளத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். உங்களுக்காக அரசுக்கு ஏதாவது செலவானால் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்கலாம், அதனால் புரிந்துகொண்டு கையெழுத்திடச் சொல்லுங்கள். பல ஊர்களில் அந்த அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்க வேண்டும். இந்தப் பத்திரம் இருந்தால் உறவினர் பணத்துக்கு வேலையே இல்லை. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்தப் பத்திரம் பணக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். திரும்பி வருவீர்களா என்ற கேள்வி அப்படியே நிற்கும், போனமுறை நீங்கள் தடுக்கி விழுந்த இடமும் அதுதான். உங்களிடம் இதற்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டத்தான் இல்லை. ஓய்வூதிய ஆணை, அது மாதாமாதம் வரவாகும் கணக்கின் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், மகன் கல்லூரியில் படிப்பதற்கான சான்று, அவன் உங்களோடு ஒரே முகவரியில் இருப்பதற்கான ஆதாரம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது எந்தத் தாயும் நிரந்தரமாக வெளியே தங்கிவிட மாட்டாள் என்பது அந்த அதிகாரிக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நீங்கள்தான் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

எத்தனை நாள் கேட்பது? விதிப்படி 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் கேட்பேன்: குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பு போய், குழந்தை பிறந்து ஆறு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவது. குழந்தை முன்னே பிறந்தாலும் பின்னே பிறந்தாலும் அதற்குள் அடங்கும். உச்ச வரம்பை ஒட்டிக் கேட்பதைவிட, காரணத்தோடு பொருந்துகிற நாள் கணக்கு நம்பும்படி இருக்கும்.

இனி ஒரு முக்கியமான விஷயம். விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள், நீங்களே எழுதுங்கள். பழைய விண்ணப்பத்தை அதில் மூன்று நான்கு வரிகளில் நேராகச் சொல்லிவிடுங்கள்: "இந்தத் தேதியில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டேன். மகள் ஜெர்மனியில் வசிப்பதை அப்போது குறிப்பிடவில்லை, தவறான ஆலோசனையைக் கேட்டு அப்படிச் செய்தேன், வருந்துகிறேன். என் பயணத்தின் உண்மையான நோக்கம் மகளின் பிரசவத்தின்போது துணையாக இருப்பது. கணக்கில் இருந்த பெரிய தொகை உறவினருடையது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்." இவ்வளவு போதும். கெஞ்ச வேண்டாம், ஏஜென்ட்டைத் திட்டவும் வேண்டாம். இப்படி எழுதினால் விசா நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. முன்பு மறைத்தது உங்களுக்கு எதிராகவே எண்ணப்படலாம். ஆனாலும் அவர்கள் தாமாகக் கண்டுபிடிப்பதற்கும் நீங்களாகச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மற்றவை சிறு விஷயங்கள். பயண மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்பாது. விமான டிக்கெட்டுக்கு முன்பதிவு காட்டினால் போதும், விசா வரும்வரை முழுப் பணம் கட்டாதீர்கள். கைரேகை 59 மாதத்துக்குச் செல்லும் என்பதால் பெரும்பாலும் மறுபடி கேட்க மாட்டார்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை போகலாம். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. காகிதங்கள் முழுதாகச் சேர்ந்த பிறகு போடுங்கள், ஆனால் அடுத்த மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

விண்ணப்ப மையத்தில் காகிதங்களை வாங்கிக்கொள்பவர்கள் முடிவெடுப்பவர்கள் அல்லர். அங்கே யாராவது "இது வேண்டாம்" என்று கடிதத்தை எடுத்துக் கொடுத்தால், பணிவாக, அதையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். ஏஜென்ட்டிடமிருந்து பழைய விண்ணப்பத்தின் நகலை வாங்கிவிடுங்கள். அதில் உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் புதியதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளிடம் இன்று இரவே பேசுங்கள். உறுதிமொழிப் பத்திரத்துக்காக அலுவலகத்தில் போய் நிற்கப் போவது அவளோ மருமகனோதான், முன்பு நடந்தது தெரியாமல் அவர்கள் அங்கே போகக் கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரி, மனம் நோகுமே என்று தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. அவளுக்குக் கோபம் வரலாம், அழவும் செய்யலாம். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, முட்டர்பாஸில் தேதி இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.