அலுமினியத் தகட்டில் ஓட்டை விழுவது ஏன்?

கேள்வி: இரும்புத் தகட்டில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு பற்றவைப்பது) எனக்கு நன்றாகவே வருகிறது. 1.2 மி.மீ. அலுமினிய பாடி பேனலைத் தொட்டால் மட்டும், முதலில் உருகவே மாட்டேன் என்கிறது. பிறகு சட்டென்று ஓட்டை விழுந்துவிடுகிறது. ஆம்பியரைக் குறைத்தும் பயனில்லை. என்ன தவறு?

பதில்: ஆம்பியரைக் குறைத்ததுதான் தவறு. அலுமினியம் வெப்பத்தை மளமளவென்று தகடு முழுக்கக் கடத்திவிடும். கரன்ட் குறைந்தால் ஒரே இடத்தில் காத்து நிற்பீர்கள். அதற்குள் சுற்றியுள்ள பகுதியெல்லாம் சூடேறி மொத்தமாகச் சரிந்துவிடும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கிற பழக்கமும் இதற்குக் கிடையாது. கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலின் உச்சத்தை 60 ஆம்பியருக்கு வைத்து, கண்ணாடிபோலப் பளபளக்கும் உருகிய உலோகக் குட்டை தெரிந்ததும், இணைப்பை நிரப்பும் கம்பியான ஃபில்லரைத் தொட்டுவிட்டு நகருங்கள். சூடேற ஏற, பெடலைத் தளர்த்த வேண்டும்.

மெஷின் ஏசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். மேலே படிந்த ஆக்சைடு தோலுக்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைப்பது ஏசி கரன்ட்தான். இரும்புக்கு வைத்த டிசி அமைப்பிலேயே பற்றவைத்தால் தோல் அப்படியே நிற்கும், உள்ளே உலோகம் நீராகிவிடும்.

1.6 மி.மீ. லாந்தனம் கலந்த டங்ஸ்டன் முனை, சுத்த ஆர்கான் நிமிடத்துக்கு 7 முதல் 9 லிட்டர், 1.6 மி.மீ. ஃபில்லர் போதும். 25 மி.மீ.க்கு ஒரு டேக் (தகட்டை அசையாமல் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டு) வையுங்கள். இந்த முனையும் அந்த முனையுமாக மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. பின்பக்கம் செம்புப் பட்டை கொடுத்தால் பாதிக் கவலை தீரும். முடிக்கும்போது காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். பள்ளம் விழுந்து, அதிலிருந்தே விரிசல் தொடங்கும். ஒரு சொட்டு ஃபில்லர் கூடுதலாக விட்டு, பெடலை மெல்லத் தளர்த்துங்கள்.

கேள்வி: வெல்டுக்குள் ஊசித் துளைகள், ஓரங்களில் கரி. பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகும் வருகிறதே?

பதில்: பிரஷ் போடும் முன் அசிட்டோனால் துடைத்தீர்களா? வரிசை மாறினால் எண்ணெய்ப் பிசுக்கை நீங்களே உலோகத்துக்குள் தேய்த்துவிடுகிறீர்கள். எண்ணெயிலும் ஈரத்திலும் இருக்கும் ஹைட்ரஜன்தான் துளையாகிறது. ஃபில்லர் ராடையும் துடையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பிரஷ் ஸ்டெயின்லெஸ் கம்பியாக, இரும்பைத் தொடாததாக இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பக்கமே போகாதீர்கள்: ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஃபில்லரில் சிலிக்கான் கலந்த 4043 வாங்குவதா, மக்னீசியம் கலந்த 5356 வாங்குவதா?

பதில்: தகடு 6000 வரிசை (மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியம்) என்றால் 4043 நன்றாக ஓடும், விரிசலும் குறைவு. மக்னீசியம் மிகுந்த 5000 வரிசைக்கு 5356தான். அங்கே 4043 போட்டால் இணைப்பு நொறுங்கும் தன்மையாகிவிடும். எந்த வரிசை என்றே தெரியாத பேனலுக்கு 5356 எடுத்து, அதே பேனலின் கழிவுத் துண்டில் ஒரு முறை பற்றவைத்து, வளைத்துப் பாருங்கள்.